சேர்வது இலவசம், முடிக்க என்ன வேண்டும்?

பெருந்திரள் இணையப் படிப்புகள்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வாசகர்களுக்கு ஒரு பாடம்

உங்கள் கையில் இருக்கும் அதே ஸ்மார்ட்போனில், சென்னை ஐஐடி பேராசிரியர் நடத்தும் ஒரு பாடத்தில் இன்றைக்கே சேர்ந்துவிடலாம். சேரக் கட்டணம் இல்லை. நுழைவுத் தேர்வும் இல்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கும், மலை மேல் வெள்ளிமலையில் இருப்பவருக்கும், டெல்லியில் இருப்பவருக்கும் பாடம் ஒன்றுதான்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இந்தப் படிப்புகளில் சேர்பவர்களில் மிகச் சிலர்தான் கடைசி வாரம் வரை போகிறார்கள். மற்றவர்கள் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் ஒருவர் இப்படி நின்றால், "இதெல்லாம் நமக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுவார். பணம் போகவில்லை, நம்பிக்கை போய்விட்டது. அதுதான் பெரிய நஷ்டம். அந்த நஷ்டம் வராமல் சேர்வது எப்படி, சேர்ந்ததை முடிப்பது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இது யூடியூப் வீடியோ போலத்தானா?

இல்லைங்க. யூடியூப் வீடியோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், விடலாம். பெருந்திரள் இணையப் படிப்புக்குத் தொடங்கும் தேதி உண்டு, முடியும் தேதி உண்டு. கல்லூரிகளில் இதை 'மூக்ஸ்' என்று சொல்வார்கள். ஒரே ஆசிரியரிடம் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படிப்பார்கள். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு பகுதிகள் இருக்கும்: வீடியோ வகுப்பு, படிப்பதற்கான குறிப்பு, நம்மை நாமே சோதித்துக்கொள்ளும் பயிற்சிக் கேள்விகள், சந்தேகம் கேட்கும் கலந்துரையாடல் பகுதி. விரும்பினால் கடைசியில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம்.

எங்கிருந்து வந்தது?

'மூக்ஸ்' என்ற பெயர் 2008-ல் கனடாவில் உருவானது. 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தது. சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு, 2012-ல், எம்ஐடி நிறுவனம் மின்சுற்றுகள் பற்றிய பாடத்தைத் திறந்தது. நடத்தியவர்களில் முதன்மையானவர் அனந்த் அகர்வால். இவர் நம் சென்னை ஐஐடியில் படித்தவர். சுமார் 1,55,000 பேர் சேர்ந்தார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர்.

அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்களில் ஒருவர் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது மாணவர். உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதை எழுதின. "இணையம் இருந்தால் போதும், யாரும் எங்கிருந்தும் படிக்கலாம்" என்பதற்கு அவரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். ஆனால் அதில் இன்னொரு பாதி இருக்கிறது. அவர் தனியாக உட்கார்ந்து படிக்கவில்லை. அவருடைய பள்ளி முதல்வர் எம்ஐடியில் படித்தவர். அவர்தான் இந்தப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவர்கள் சேர்ந்து படித்தார்கள். செய்முறை சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்து தங்கினார். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

இந்தியா இதில் பின்தங்கவில்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-லேயே 'என்பிடெல்' திட்டத்தைத் தொடங்கிவிட்டன. 2014 முதல் அதில் சான்றிதழ்ப் படிப்புகள் நடக்கின்றன. 2017 ஜூலை 9 அன்று 'ஸ்வயம்' தளம் தொடங்கப்பட்டது. என்பிடெல் பாடங்கள் இப்போது ஸ்வயம் வழியாகவே வருகின்றன. தமிழ்நாட்டில் 2001-லேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவானது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரி மாணவர்களுக்கு வேலைக்கான திறன் படிப்புகளைக் கல்லூரி வழியாகவே தருகிறது.

யாருக்கு என்ன பயன்?

கல்லூரி மாணவர்கள்: உங்கள் கல்லூரியில் நடத்த ஆசிரியர் இல்லாத பாடத்தையும் படிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அந்த மதிப்பெண்ணைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். முதலில் துறைத் தலைவரிடம் கேளுங்க, பிறகு சேருங்க.

பள்ளி மாணவர்கள்: ஸ்வயத்தில் 9 முதல் 12 வரை உள்ள வகுப்புகளுக்கும் பாடங்கள் உண்டு. தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு, பள்ளிக் கல்வித் துறை 2023-ல் கொண்டுவந்த 'மணற்கேணி' செயலி இன்னும் பக்கத்துத் துணை.

கணினி பழக விரும்புபவர்கள்: மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' திட்டத்தில், லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைத்தான் போன்றவற்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடச் சிறு பாடங்கள் உண்டு. பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கும். ஒரு விண்டோவில் பாடம், இன்னொரு விண்டோவில் பயிற்சி என்று பார்த்துப் பார்த்துச் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் தயக்கம் இருப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

ஏன் பாதியில் நிற்கிறது?

எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய இணையப் படிப்புகளில் 2012 முதல் 2018 வரை சேர்ந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18-ல் சேர்ந்த எல்லோரையும் கணக்கில் எடுத்தால், படிப்பை முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதாவது 100 பேர் சேர்ந்தால் 3 பேர். ஆனால் பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களை மட்டும் எடுத்தால், 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள்.

பணம் கட்டினால் படிப்பு வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முடிக்கணும் என்ற எண்ணம் ஏற்கெனவே இருப்பவர்கள்தான் பணம் கட்டுவார்கள். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் மற்ற கணக்கில் வந்துவிடுகிறார்கள். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. "எப்போது வேண்டுமானாலும் விடலாம்" என்று சேர்ந்தால், எப்போதாவது விட்டுவிடுவோம்.

சரி, அட்டவணை எழுதி வைத்துப் படித்தால்? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு நடத்திய 247 பாடங்களில், சுமார் இரண்டரை லட்சம் மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. எந்த நாளில், எந்த நேரத்தில் படிப்போம் என்று எழுதவைத்தபோது, முதல் சில வாரங்கள் நன்றாகப் படித்தார்கள். கடைசியில் முடித்தவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. அட்டவணை வண்டியைக் கிளப்பிவிடும். ஊர் போய்ச் சேர வேறு சிலதும் வேணும்.

மலையிலிருந்து ஒரு கணக்கு

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வெள்ளிமலைப் பக்கம் ஒரு சிற்றூர். கள்ளக்குறிச்சியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறார், வார விடுமுறைக்கு ஊருக்கு வருவார். ஊரில் வீட்டுக்கே ஒரு ஃபோன்தான், அது பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். என்பிடெல்லில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேர விரும்புகிறார். சேர ஒரு ரூபாய் தேவையில்லை. முடிக்க எவ்வளவு ஆகும்?

முதல் செலவு, டேட்டா. 12 வாரப் பாடம் என்றால் ஏறத்தாழ 30 மணி நேர வீடியோ. நடுத்தரத் தெளிவில், அதாவது 360பி-யில் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 300 எம்பி ஆகும். மொத்தம் 9 ஜிபி. ஒரு வாரப் பாடம் இரண்டரை மணி நேரம், அதாவது சுமார் 750 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் இருந்தால், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரே நாளில் இரண்டு வாரப் பாடத்தை இறக்கிவிடலாம்! மலையில் எந்நேரமும் சிக்னல் இருக்கணும் என்று அவசியமே இல்லை. கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, மேலே போய் ஆற அமரப் பார்க்கலாம்.

இரண்டாவது செலவு, மொழி. பெரும்பாலான பாடங்கள் இங்கிலீஷில்தான் நடக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு ஒரு மணி நேர வீடியோ இரண்டு மணி நேரம் எடுக்கும். நிறுத்தி, திரும்பப் போட்டு, வார்த்தைக்கு அர்த்தம் தேடிப் பார்க்கணும். ஆக, 30 மணி நேரம் என்று எழுதியிருந்தால் 60 மணி நேரம் என்று கணக்கு வையுங்க. வாரம் ஐந்து மணி நேரம். இதை முன்பே தெரிந்துகொண்டால், "நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் ஆகுது" என்ற தாழ்வு மனப்பான்மை வராது.

மூன்றாவது செலவு, தேர்வு. என்பிடெல் தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணம், 500 ரூபாய். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. மையத்துக்கு நேரில் போகணும். பதிவு செய்யும்போது தரப்படும் நகரங்களின் பட்டியலைப் பாருங்க. கள்ளக்குறிச்சிக்காரர்கள் சேலம் வரை போக வேண்டியிருக்கலாம். பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் செலவு எல்லாம் இதில் சேரும்.

நான்காவது செலவு, நாட்கள். மரவள்ளி பிடுங்கும் நாட்கள், வெளியூர் வேலைக்குப் போகும் மாதம், ஊர்த் திருவிழா, கல்லூரிப் பருவத் தேர்வு. இவற்றில் ஒன்று குறுக்கே வந்தாலும் இரண்டு வாரம் போய்விடும்.

இந்த நான்கையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நம்மால் முடியும்" என்று தோன்றினால் சேருங்க. "இப்போது முடியாது" என்று தோன்றினால் 4 வாரப் பாடம் ஒன்றை எடுங்க. அதற்கு 10 மணி நேர வீடியோதான். சின்னதாக ஒன்றை முடித்தவருக்கு, பெரியதில் இறங்கும் தைரியம் தானாக வரும்.

முடிப்பதற்கான ஏற்பாடுகள்

1. சிக்னல் இல்லாத இடத்துக்கு டிவி: 'ஸ்வயம் பிரபா' என்ற பெயரில் கல்விச் சேனல்கள் 24 மணி நேரமும் ஓடுகின்றன. டிடி ஃப்ரீ டிஷ் மூலம் மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். ஒரே பாடம் ஒரு நாளில் பல முறை மறு ஒளிபரப்பாகும். ஆகவே காலையில் விட்டதை இரவில் பிடித்துவிடலாம். டவர் எட்டாத ஊரிலும் டிஷ் வேலை செய்யும்.

2. தமிழ் எழுத்து வடிவம்: என்பிடெல் தளத்தில் பல பாடங்களின் வகுப்புரை தமிழிலும் கிடைக்கிறது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தப் பாடத்துக்குத் தமிழ் வடிவம் இருக்கிறதா என்று பாருங்க. முதலில் தமிழில் படித்துவிட்டு, பிறகு இங்கிலீஷ் வீடியோ பாருங்க. தேர்வு பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும் என்பதால், ஒவ்வொரு வாரமும் 20 கலைச்சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டே வாங்க.

3. மூன்று பேர் கூட்டணி: தனியாகச் சேராதீங்க. ஒரே பாடத்தில் குறைந்தது மூன்று பேர் சேருங்க. வாரத்தில் ஒரு மாலை, பள்ளியிலோ கிளை நூலகத்திலோ யார் வீட்டுத் திண்ணையிலோ உட்காருங்க. அந்த வாரக் கேள்விகளைச் சேர்ந்து பேசுங்க. விடையை அவரவர் தனியாகப் போடுங்க. மூன்று பேரில் ஒருவரிடம் நல்ல ஃபோன் இருந்தாலே போதும், வீடியோவை மற்றவர்களுக்கும் காட்டலாம்.

4. கேள்வி கேட்கும் ஒரு பெரியவர்: "இந்த வாரம் முடிச்சிட்டியா?" என்று கேட்க ஓர் ஆள் வேணும். ஆசிரியர், அண்ணன், அக்கா, அம்மா யாராக இருந்தாலும் சரி. அவருக்குப் பாடம் தெரிந்திருக்கத் தேவையில்லை. பல கல்லூரிகளில் என்பிடெல்லுக்கு என்றே ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். அவர் யார் என்று விசாரித்துப் போய்ப் பாருங்க.

மூன்றாவதும் நான்காவதும் சாதாரண யோசனை போலத் தெரியலாம். ஆனால் தமிழ்நாடு அனுபவத்தில் கற்றுக்கொண்டது இது. கொரோனா காலத்தில் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் ஃபோன் வழியாகவும் பாடம் வீடு தேடிப் போனது. அதன் பிறகும் பிள்ளைகளின் கற்றல் இடைவெளியை ஈடுகட்ட, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்காகத்தான் 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், நம் பழைய தாய் மாவட்டமான விழுப்புரத்தின் மரக்காணம் பகுதியில் தொடங்கப்பட்டது.

அதற்கும் முன்பே தேனி மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. 'விடியல்' தொண்டு நிறுவனமும் காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பான 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்'கும் சேர்ந்து, ஆடு வளர்க்கும் பெண்களுக்குச் சாதாரண ஃபோனில் குரல் செய்தியாகப் பாடம் அனுப்பின. வீடியோ இல்லை, இங்கிலீஷ் இல்லை. ஆட்டுக்கு என்ன தீனி, நோய் வந்தால் என்ன செய்வது என்று தமிழில் சிறுசிறு செய்திகள். அந்தப் பெண்கள் சுய உதவிக் குழுக்களில் இருந்தவர்கள். ஆடு வாங்க வங்கிக் கடனும் பெற்றிருந்தார்கள். கேட்ட பாடம் மறுநாளே பட்டியில் பயன்பட்டது, கேட்டதைக் குழுவில் பேசவும் முடிந்தது. மங்கோலியா மாணவருக்கும் தேனிப் பெண்களுக்கும் பொதுவானது இதுதான்: பாடம் தூரத்திலிருந்து வந்தது, துணை பக்கத்தில் இருந்தது.

சேரும் வழி, படிப்படியாக

படி 1: ஸ்வயம் தளத்தில் உங்கள் ஈமெயில் மூலம் கணக்கு தொடங்குங்க. செயலியாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஈமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் நோட்டில் இருக்கட்டும். கணினி மையத்துக்காரரின் ஈமெயிலைக் கொடுக்காதீங்க. ஹால் டிக்கெட், தேர்வுத் தேதி எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும்.

படி 2: பெயரைச் சரியாகப் போடுங்க. சான்றிதழில் எப்படி வரணுமோ அப்படி. ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி இனிஷியல் இருந்தால், மதிப்பெண்ணைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கும்போது சிக்கல் வரும். திருத்தம் தேவை என்றால் இப்போதே ஆதார் சேவை மையத்தில் விண்ணப்பியுங்க.

படி 3: பாடத்தைத் தேர்ந்தெடுங்க. என்பிடெல் பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பாடத்தின் அறிமுக வீடியோவையும் முதல் வார வகுப்பையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க. பிடிக்கவில்லை என்றால் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

படி 4: வாரப் பயிற்சிகளை விடாதீங்க. மொத்த மதிப்பெண் 100-ல் 25 வாரப் பயிற்சிக்கு, 75 தேர்வுக்கு. சான்றிதழ் வேண்டும் என்றால் பயிற்சியில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 எடுக்கணும். இரண்டிலும் தனித்தனியாக எடுக்கணும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் அறுவடையிலோ காய்ச்சலிலோ ஒன்றிரண்டு வாரம் போனாலும் படிப்பு போகவில்லை. இது தெரியாமலேயே, ஒரு வாரம் விட்டதும் மொத்தத்தையும் விட்டுவிடுபவர்கள் உண்டு. அடுத்த வாரம் வந்து உட்காருங்க, அவ்வளவுதான்.

படி 5: தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யணும். பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடாதீங்க. பதிவுக்குக் கடைசித் தேதி உண்டு, அதைத் தாண்டினால் அந்தப் பருவத்தில் எழுத முடியாது. கல்லூரி மதிப்பெண்ணுக்காகப் படிப்பவருக்கு இது பெரிய இழப்பு. கடைசித் தேதியை ஃபோன் காலண்டரில் அலாரமாக வையுங்க.

படி 6: கட்டணச் சலுகைக்கான சான்றிதழ் தயாராக இருக்கட்டும். மலைவாழ் மக்கள் எஸ்டி சலுகை பெற, சாதிச் சான்றிதழைப் பதிவேற்றணும். எஸ்டி சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை முடிந்து கையில் கிடைக்க நாளாகலாம். தேர்வுப் பதிவு தொடங்கிய பிறகு ஓடாதீங்க. பாடத்தில் சேரும் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்க. கல்லூரியில் படிக்கும் தகுதியுள்ள மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. ஒரு மாதத் தொகையைத் தேர்வுக்கென்று ஒதுக்கினால், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

படி 7: தேர்வுக்கு முன் மவுஸ் பழகுங்க. ஃபோனிலேயே எல்லாம் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. தேர்வு பெரும்பாலும் கணினியில்தான் நடக்கும். மவுஸ் பிடித்தே பழக்கமில்லாமல் போனால், தெரிந்த கேள்விக்கும் நேரம் போதாது. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து பழகினால் போதும். மலையிலிருந்து போகிறவர்கள் பிற்பகல் அமர்வு கிடைக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் முந்தைய நாளே போய்த் தங்க ஏற்பாடு செய்யுங்க. அசல் அடையாள அட்டையை மறக்காதீங்க.

இதில் ஏமாறாதீங்க

"ஸ்வயம் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், படிக்கவே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அது மோசடி. பாடத்தில் சேர யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். தேர்வுக் கட்டணத்தை அதிகாரப்பூர்வத் தளத்துக்குள் மட்டுமே கட்டுங்க. ஸ்வயம் தள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும், என்பிடெல் முகவரி 'ஏசி டாட் இன்' என்று முடியும். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீங்க. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்க.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுவோம். இந்தச் சான்றிதழ் பட்டம் ஆகாது. இதை மட்டும் காட்டினால் வேலை கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதற்காகக் கல்லூரியை விட்டு நிற்காதீங்க. பட்டத்தோடு சேர்ந்து, "இந்தப் பாடத்தை நானாகப் படித்து, தேர்வெழுதி முடித்தேன்" என்று நேர்காணலில் சொல்ல முடிகிறதே, அதுதான் இதன் பலம். என்பிடெல் சான்றிதழில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அது உண்மையானதா என்று நிறுவனங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

தேர்வு எழுதாமல் படிக்க மட்டும் செய்யலாமா?
தாராளமாக. பாடம் முழுக்க இலவசம். ஆனால் ஒரு நோக்கம் வைத்துக்கொள்ளுங்க. "கணக்கு எழுத எக்செல் மாதிரி ஒன்று தெரியணும்" என்றால், அது தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். அது பாதியில் விட்டதாகாது.

தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்தால்?
அடுத்து அதே பாடம் நடக்கும்போது திரும்பப் படிக்கலாம். மொத்தம் 60-க்கு மேல் எடுத்தால் 'எலைட்', 75-க்கு மேல் வெள்ளி, 90-க்கு மேல் தங்கம் என்று சான்றிதழில் குறிப்பார்கள்.

என் மகள் இரவில் ஃபோனும் கையுமாக இருக்கிறாள், படிக்கிறாளா என்று எப்படித் தெரியும்?
பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. வாரப் பயிற்சிக்கு வந்த மதிப்பெண் அவரவர் கணக்கிலேயே தெரியும். வாரம் ஒரு முறை, "உன் மதிப்பெண் பக்கத்தைக் காட்டும்மா" என்று கேளுங்க. அப்படியே, இந்த வாரம் என்ன படித்தாள் என்று இரண்டு நிமிடம் சொல்லச் சொல்லுங்க. ஃபோனைப் பிடுங்குவதைவிட இது நல்லது. மேலே நான்காவதாகச் சொன்ன 'கேள்வி கேட்கும் பெரியவர்' நீங்களாகவே இருக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு தாளை எடுங்க. டேட்டா, மொழி, தேர்வு, நாட்கள் என்று நான்கு வரி போட்டு, உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்க. கூடப் படிக்க இரண்டு பேரின் பெயரையும், உங்களைக் கேள்வி கேட்கப்போகிற ஒருவரின் பெயரையும் அதன் கீழே எழுதுங்க. சலுகை பெறத் தகுதி இருந்தால், சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்க. தாள் நிறைந்த பிறகு ஸ்வயம் தளத்தைத் திறந்து, நான்கு வாரப் பாடம் ஒன்றே ஒன்றில் பெயரைப் பதிவு செய்யுங்க. ஐந்தாறு பாடங்களில் சேர்ந்து நிற்பதைவிட, ஒன்றை முடிப்பது மேல்.